பாறசாலைக்கு வந்த கதிர்வெடிப்பு

அந்த வெடிப்பு நடக்கவே இல்லை என்று அவன் தன் கையாலேயே எழுத வேண்டும். நான் எழுதக் கூடாது, வேறு யாரும் எழுதக் கூடாது, அவன் எழுத வேண்டும். இதை நான் முடிவு செய்த இடம் உதியங்குளங்கரை பஸ் நிறுத்தம். அப்போது என்னிடம் ஆதாரம் என்று எதுவும் கிடையாது. எதிரே மின்கம்பத்திலிருந்து ஒரு தென்னை வரை இழுத்துக் கட்டிய ஃபிளெக்ஸில் அவன் சிரித்துக்கொண்டிருந்தான். அந்தச் சமயத்துக்கு அது போதுமாக இருந்தது.

ஃபிளெக்ஸை வைத்தது எங்கள் திருச்சபை. மேலே மலையாளத்தில் நாட்டின் பெருமை என்றும், கீழே தமிழில், கோடி கோடி மைலுக்கு அப்பால் நடந்த வெடிப்பைக் கண்டுபிடித்த நம் சபையின் மகன் என்றும் போட்டிருந்தார்கள். நடுவில் சுருள் சுருளாக ஒரு விண்மீன் மண்டலம்; அதன் மையத்தில் அவன் முகம். அது அவன் ஆராய்ந்த மண்டலமே அல்ல, நெட்டில் எடுத்த வேறு ஏதோ படம். அவன் ஆராய்ந்தது எக்ஸ்-கதிர் படத்தில் ஒரு புள்ளியாகத்தான் தெரியும், ஓரம் கலங்கிய வெள்ளைப் புள்ளி. அதை அச்சுக்குக் கொடுத்திருந்தால், ஏதோ சிந்திவிட்டது என்று கடைக்காரரே திருப்பி அனுப்பியிருப்பார்.

அம்மா என் பக்கத்தில் நின்றாள்.

“பாக்காத மாதிரி நில்லு பிள்ளே. ஆளுவ நம்மளப் பாக்குது.”

“எழுத்துப்பிழை உண்டான்னு பாக்குதேன்.”

“உண்டா?”

“தமிழ்ல ரெண்டு உண்டு.”

“கொள்ளாம், நல்லா இருக்கட்டு,” என்றாள் அம்மா. பஸ் வந்தது.

அவன் வீடு பாறசாலைக்குப் பக்கம். எங்கள் வீடு அங்கிருந்து நெய்யாற்றின்கரைக்குப் போகும் வழியில், மெயின் ரோட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே. ஒரே சபை. வடக்கே ஓர் ஆய்வு நிறுவனத்தில் இரண்டு பேருக்கும் ஒரே ஆண்டில் இடம் கிடைத்தது. ஒரே பொருள், ஒரே அறை, அடுத்தடுத்த மேசை. லீவுக்கு ஒரே ரயிலில் வந்து பாறசாலையில் இறங்கினோம். இரண்டு முறை அப்படி இறங்கியதும் சபை எங்களுக்குக் கல்யாணம் பேசி முடித்துவிட்டது. வீடுகள் அதற்குப் பிறகுதான் பேசின.

நாங்கள் படித்தது என்னவென்று சொல்லிவிடுகிறேன். சில விண்மீன் மண்டலங்களின் நடுவே இருக்கும் பெரும் கருந்துளை சும்மா கிடப்பதில்லை. சுற்றியுள்ள வாயுவை இழுக்கிறது. இழுத்ததில் ஒரு பங்கை, ஒளியின் வேகத்துக்குச் சற்றுக் குறைவான வேகத்தில், தாரையாக வெளியே பீய்ச்சுகிறது. தாரை நம் பக்கம் பார்த்து இருந்தால், அதன் எக்ஸ்-கதிர்ப் பிரகாசம் சில மணி நேரத்தில் இரண்டு மடங்கு மூன்று மடங்கு ஏறி இறங்குவதைக் காண முடியும். நாங்கள் அதை ஃபிளேர் என்போம். சபைக்கு அது வெடிப்பு. எக்ஸ்-கதிரை நம் காற்று மண்டலம் உள்ளே விடாது என்பதால் தொலைநோக்கி விண்வெளியில் இருக்க வேண்டும். அது படம் பிடிக்கிறது என்று பேச்சுக்குச் சொல்கிறோம். உண்மையில் அது எண்ணுகிறது. ஒரு கதிர்த்துகள் வந்தது, இன்ன நேரத்தில், டிடெக்டரில் இன்ன இடத்தில், இன்ன ஆற்றலோடு. அப்படி லட்சக்கணக்கான வரிகள். அவற்றை நேரம் வாரியாகக் கட்டம் கட்டிக் கூட்டினால் ஏற்றமும் இறக்கமும் தெரியும்.

அந்தத் தொலைநோக்கியை எந்த நாட்டுக்காரரும் கேட்கலாம். இந்த மண்டலத்தை, இத்தனை மணி நேரம், இன்ன காரணத்துக்காகப் பார்க்க வேண்டும் என்று கோரிக்கை எழுத வேண்டும். ஒரு குழு பொறுக்கி எடுக்கும். யாருடைய கோரிக்கையோ அவருக்கு ஓராண்டு அந்தத் தரவு சொந்தம். பூட்டிக் கொடுத்துவிடுவார்கள். ஓராண்டு முடிந்ததும் பூட்டுத் திறக்கும். பிறகு உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். இந்த ஓராண்டை எங்கள் தொழிலில் எல்லாரும் மதிக்கிறோம். போட்டிக்காரர்கள்கூட நாள் எண்ணிக் காத்திருப்பார்கள்.

எனக்குப் பட்டியல் போடும் பழக்கம் உண்டு. அவன் செய்தவை என் பட்டியலில் மூன்று. அந்தக் கோரிக்கையை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் எழுதினோம். அவனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்து, அங்கிருந்து அதை அனுப்பியபோது என் பெயர் அதில் இல்லை. அது ஒன்று. கல்யாணம் வேண்டாம் என்பதை அவன் அம்மா என் அம்மாவிடம் சொன்னது ஆராதனை முடிந்து ஆலயத்து கேட்டுக்கு வெளியே, குடையை விரித்துக்கொண்டே. அது இரண்டு. மூன்றாவது, அவனோடு கடைசியாக ஃபோனில் பேசியபோது, என் பெயர் ஏன் இல்லை என்று கேட்டதற்கு அவன் சொன்ன பதில்:

“நீ லிஸ்ட் போடுகதுக்குக் கொள்ளாம் மக்கா. அதுல உன்னை அடிக்க ஆளில்லை. ஆனா கண்டுபிடிக்கணும்னா அதுக்கு வேற ஒரு கண்ணு வேணும்.”

பட்டியலில் மூன்றாவதாக வந்தது, வரிசைப்படுத்தியபோது முதலாவதாகப் போய் நின்றது. இன்றுவரை அங்கேதான் நிற்கிறது.

நான் பட்டம் வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தேன். திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனி. மருத்துவமனை ஸ்கேன் படங்களில் இரைச்சலைக் குறைக்கும் மென்பொருள் செய்கிறது. வாரத்தில் இரண்டு நாள் ரயிலில் போவேன், மீதி நாள் வீட்டிலிருந்தே வேலை. அவன் ஆய்வுப் பேப்பர் வெளிவந்ததை ஒரு தோழி சொன்னாள். நான் திறக்கவில்லை. ஃபிளெக்ஸைப் பார்த்த அடுத்த நாள்தான், பாறசாலை ஸ்டேஷனில் ஏறி உட்கார்ந்ததும், ஃபோனில் அதைத் திறந்தேன்.

முதல் முறை வேகமாகப் படித்தேன். நன்றாக எழுதியிருந்தான். அவனுக்கு எழுத வரும். மூன்றாம் பக்கத்தில் அந்தப் படம் இருந்தது. தட்டையாக ஓடிக்கொண்டிருந்த பிரகாசம் சட்டென்று ஏறி, ஒன்றரை மணி நேரம் நின்று, இறங்கியது. அதற்குக் கீழே கட்டத்தின் அளவு கொடுத்திருந்தான். முந்நூற்றெழுபது வினாடி.

நெய்யாற்றின்கரை வந்தபோது நான் ஃபோனை மடியில் வைத்துவிட்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உலகத்தில் யாரும் முந்நூற்றெழுபது வினாடிக் கட்டம் போடுவதில்லை. நூறு போடுவார்கள், ஐந்நூறு போடுவார்கள், ஆயிரம் போடுவார்கள். முந்நூற்றெழுபது என்னுடையது. நான் முதன்முதலாக ஆராய்ந்த மண்டலத்தைத் தொலைநோக்கி முப்பத்தேழாயிரம் வினாடி பார்த்திருந்தது. அதை நூறு கட்டமாக வெட்டினால் ஒரு கட்டம் அவ்வளவு. அந்த எண்ணை என் ஸ்கிரிப்டில் போட்டேன். தரவைக் கழுவி, கட்டம் கட்டி, படம் வரையும் வரைக்கும் எல்லா வேலையையும் வரிசையாகச் செய்யும் ஒரு நீளமான கோப்பு அது. அவன் கேட்டான், கொடுத்தேன். லிஸ்ட் போடுகிறவள் எழுதிய லிஸ்ட்டை வைத்துத்தான் அந்த வேறு கண் கண்டுபிடித்திருக்கிறது.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் அதற்கு முன்னால் ஒரு சந்தேகம் வந்தது. வேறொரு மண்டலத்துக்கு வேறொரு நாள் எடுத்த தரவுக்கு, அந்த எண்ணைக்கூட மாற்றாமல் ஓட்டியவன், வேறு எதை மாற்றாமல் ஓட்டியிருப்பான்?

பேப்பரில் அதற்கு ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. பின்னணி வழக்கமான முறையில் நீக்கப்பட்டது. அச்சுக்கு முன் பேப்பரை மதிப்பிட்டவர்களுக்கு அது போதுமாக இருந்திருக்கிறது. மூலத் தரவு பூட்டிக் கிடந்தது, அவர்கள் பார்த்தது படத்தைத்தான். பூட்டுத் திறக்க இன்னும் நான்கு மாதம் இருந்தது. நான் நாள்காட்டியில் குறித்துவைத்தேன்.

நான்கு மாதம் நான் கெட்ட மனுஷியாக இருந்தேன் என்று சொல்ல மாட்டேன். வேலைக்குப் போனேன். பாடகர் குழுவில் பெண்களின் கீழ்க்குரலான ஆல்ட்டோ பாடினேன். அவன் அம்மா வலப்பக்கம் மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைப் பாடகர் வரிசையிலிருந்து பார்க்க முடியும், பார்த்தேன். ஒவ்வொரு ஞாயிறும், இன்னும் இத்தனை வாரம் என்று மனதில் ஓடும். ஜெபத்தின்போதும் ஓடும். அதை நிறுத்த நான் முயற்சி செய்யவில்லை.

பூட்டுத் திறப்பது கிரீன்விச் கணக்கில் நாள் மாறும்போது. நமக்கு அது விடியற்காலை ஐந்தரை. டிசம்பர் தொடக்கம். அம்மா பால் விடாத கட்டன் சாயாவோடு வந்து என் மேசையருகில் நின்றாள். அவள் பாறசாலை ஜங்ஷனில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறாள். ஏழு மணிக்குள் அங்கே இருக்க வேண்டும்.

“திறந்தாச்சா?”

“இறங்கிக்கொண்டு இருக்கு.”

“அதுல என்னவாக்கும் இருக்கும்?”

“வந்த ஒவ்வொரு கதிருக்கும் ஒரு வரி.”

“அவனுக்க கள்ளத்தனம் எத்தனாவது வரியில?”

“அதைத்தான் பாக்கணும்.”

நான் செய்தது கஷ்டமான வேலை எதுவும் இல்லை. இந்தத் தொலைநோக்கி பூமியை நீள்வட்டமாகச் சுற்றுகிறது. சில இடங்களில் அதன் மேல் புரோட்டான்கள் மழை போலப் பெய்யும். கண்ணாடிகளின் வழியாகச் சறுக்கி வந்து டிடெக்டரில் விழும். டிடெக்டருக்கு அது எக்ஸ்-கதிரா புரோட்டானா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது, எண்ணிவிடும். இப்படிச் சேரும் வேண்டாத எண்ணிக்கையைத்தான் பின்னணி என்போம். அதனால் முதலில் மூலைகளைப் பார்க்க வேண்டும், எந்தப் பொருளும் இல்லாத வெற்று வானம் விழும் மூலைகளை. நடுவிலிருக்கும் மண்டலம் மட்டும் பிரகாசமானால் அது நிஜம். மூலையும் அதே நேரத்தில் ஏறினால் மழை. மழை பெய்த நேரத்தை வெட்டி எறிந்துவிட்டு மிச்ச நேரத்தை மட்டும் வைத்துக்கொள்வோம். மிச்சத்துக்கு எங்கள் தொழிலில் நல்ல நேரம் என்றே பெயர்.

“நம்ம சபையில நல்ல நேரம் பாக்கப்படாதுன்னாக்கும் சட்டம்,” என்றாள் அம்மா.

“அவனும் பாக்கல்ல,” என்றேன்.

ஏனென்றால் மூலைகளின் வரைபடம் திரையில் வந்துவிட்டது. தட்டையாக ஓடி, சட்டென்று ஏறி, ஒன்றரை மணி நேரம் நின்று, இறங்கியது. அவன் வெடிப்பு நடந்த அதே ஒன்றரை மணி நேரம். அவன் பின்னணியைக் கழிக்காமல் இல்லை. ஓரத்தில் விழுந்ததை அளந்து நடுவிலிருந்து கழித்திருந்தான். ஆனால் இந்த மழை ஓரத்தைவிட நடுவில் கூடுதலாக விழும். ஓரத்து அளவைக் கழித்தால் நடுவில் ஒரு மேடு மிஞ்சும். அந்த மேட்டுக்குத்தான் சபை ஃபிளெக்ஸ் கட்டியிருந்தது. மழை நேரத்தை வெட்டிவிட்டு மறுபடி வரைந்தேன். மண்டலம் அமைதியாக, ஒன்றும் தெரியாத பிள்ளைபோல, கோடு பிடித்தாற்போல் ஓடியது.

அம்மாவுக்கு விளக்கினேன். அவள் உடனே புரிந்துகொண்டாள்.

“சாம்பிள்ல அழுக்கு. அதை நோய்னு ரிப்போர்ட் எழுதியாச்சு.”

“அதேதான். உங்க லேபில இப்பிடி ஆச்சுன்னா என்ன செய்வீங்க?”

“திரும்ப ரத்தம் எடுப்போம். மன்னிப்பும் கேப்போம்.”

“அவனும் கேக்கட்டு.”

அம்மா லேபுக்குப் போன பிறகு வீட்டில் நான் மட்டும். சிரித்தேன். சத்தமாக. எதிர் வீட்டு நாய் குரைத்தது.

காரணத்தையும் துல்லியமாகக் காட்ட வேண்டும் என்று என் பழைய ஸ்கிரிப்டைத் தேடி எடுத்தேன். மழையை வெட்டும் இடம் இருநூறாவது வரிக்குப் பக்கத்தில் இருந்தது. எண்ணிக்கை எந்த வரம்பைத் தாண்டினால் அந்த நேரத்தை எறிய வேண்டும் என்று அங்கே ஓர் எண் கொடுக்க வேண்டும். கொடுத்திருந்தேன். யாரும் எட்ட முடியாத உயரத்தில், எந்த மழையும் சிக்காத அளவுக்கு. என் முதல் மண்டலத்தின் தரவில் மழையே இல்லை. சோதித்துப் பார்க்க அப்படி வைத்திருந்தேன். அதை அப்படியே அவனுக்குக் கொடுத்திருக்கிறேன். தப்பு என்னுடையது.

அந்த வரியின் பக்கத்தில் என் குறிப்பும் இருந்தது. ஸ்கிரிப்டில் நாங்கள் இருவரும் ஊர்ப் பேச்சைத்தான் ஆங்கில எழுத்தில் அடித்துவைப்போம். எலே, இந்த நம்பரு சும்மா போட்டதாக்கும், உனக்க தரவுக்கு மாத்தணும் கேட்டியா. கீழே என் பெயரின் முதலெழுத்து.

அரை நாள் நான் ஒன்றும் செய்யவில்லை. கம்பெனி மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். வெடிப்பு இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரணத்தைச் சொல்லாமல் விடலாம். ஆனால் ஸ்கிரிப்டின் பிரதி அவனிடமும் இருக்கிறது. நான் வாயைத் திறந்த மறு நிமிடம் அவன் அந்த வரியை எடுத்துக் காட்டுவான். என்னை நம்பி ஏமாந்தவனாக நிற்பான், எல்லாரும் பாவம் என்பார்கள். அதை நினைத்தபோதுதான் எனக்கு வழி தெரிந்தது. என் தப்பை அவன் கையில் விட்டுவைக்கக் கூடாது. அதை நானே முதலில் எடுத்துவிட வேண்டும். எடுத்தால் மிஞ்சுவது அவனுடையது மட்டும். அந்த ஸ்கிரிப்டைத் தொட்ட வெளிநாட்டுக் குழுவில் ஆறேழு பேர் இருந்திருப்பார்கள். அந்தக் குறிப்பை வாசிக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

சாயங்காலத்துக்குள் இரண்டு பக்கக் குறிப்பு ஒன்றை எழுதி முடித்தேன். முதல் வரி என் தப்பு. இரண்டாவது வரி ஸ்கிரிப்டில் இருந்த என் குறிப்பு, மொழிபெயர்ப்போடு. மூன்றாவதிலிருந்து மழை. அதை எந்த ஆய்விதழுக்கும் அனுப்பவில்லை. நான் சொல்லி அந்த வெடிப்பு பொய்யாகக் கூடாது. அவன் சொல்லி ஆக வேண்டும். அவன் கிறிஸ்துமஸ் லீவுக்கு வருவதாகவும், கிறிஸ்துமஸை ஒட்டிய ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு சபை அவனுக்கு வரவேற்பு வைத்திருப்பதாகவும் அறிவித்திருந்தார்கள்.

வரவேற்புக்கு நல்ல கூட்டம். பொன்னாடை, மெமென்டோ, வாலிபர் சங்கத்தின் வாழ்த்துப் பாட்டு. அவன் ஸ்லைடு போட்டுப் பேசினான். கருந்துளையை யானையாக்கி, வாயுவைப் பலாப்பழமாக்கி, பிள்ளைகளைச் சிரிக்கவைத்தான். பிறகு அந்தப் படம் திரையில் வந்தது, மேட்டோடு. போதகருக்கு என்ன தோன்றியதோ, மைக்கை வாங்கினார்.

“நம்ம சபையில இதே படிப்புப் படிச்ச ஒரு பெண்பிள்ளையும் உண்டு. அவியளும் ஒரு கேள்வி கேக்கட்டு.”

தலைகள் என் பக்கம் திரும்பின. எல்லாருக்கும் எங்கள் கதை தெரியும். எல்லாருக்கும் பார்க்க ஆசை. நான் எழுந்தேன்.

“அந்தப் படத்துல ஒரு கட்டம் எத்தனை வினாடி?”

“முந்நூற்றெழுபது,” என்றான் சிரித்துக்கொண்டே.

“எதுக்கு முந்நூற்றெழுபது?”

சிரிப்பு அப்படியே நின்றது. நான் எதிர்பார்த்தது அந்த நிற்றலைத்தான். இன்னும் கொஞ்ச நேரம் நிற்கும் என்று நினைத்தேன். ஆனால் அவன் கெட்டிக்காரன்.

“அது எனக்க கூடப் படிச்ச ஒருத்தி தந்த கணக்காக்கும்,” என்றான் கூட்டத்தைப் பார்த்து. “அவ இஞ்சதான் நிக்கா. இந்தக் கண்டுபிடிப்புல அவளுக்கும் பங்கு உண்டு. அவளுக்கு ஒரு கைதட்டு குடுங்க.”

கொடுத்தார்கள். வலப்பக்கம் மூன்றாம் பெஞ்சிலிருந்து அவன் அம்மா திரும்பி, ஓராண்டுக்குப் பிறகு முதல் முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். என் அம்மா மட்டும் கைதட்டவில்லை. நான் உட்கார்ந்தேன். கோரிக்கையிலிருந்து என் பெயரை எடுத்தபோது அவன் எனக்குச் செய்ததைவிட, நடக்காத ஒரு வெடிப்பில் எனக்குப் பங்கு கொடுத்தபோது செய்தது மோசம். பாட்டுப் புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்தேன்.

வெளியே பலாமரத்தடியில் கேக்கும் காப்பியும் கொடுத்தார்கள். அவனே தேடி வந்தான், கையில் இரண்டு தட்டு.

“நல்லாக் கேட்டே மக்கா. நானே வெறச்சுப் போனேன். இந்தா, கேக்.”

“மூலையைப் பாத்தீங்களா?” என்றேன்.

‘நீங்க’ அவனுக்குப் புதிது. தட்டை நீட்டியபடி நின்றான்.

“எந்த மூலை?”

“டிடெக்டருக்க மூலை. வெடிப்பு நேரத்துல அங்கயும் ஏறியிருக்கு.”

“பூட்டுத் திறந்தாச்சா?”

“மூணு வாரம் ஆச்சு.”

“பின்னணி கழிச்சாச்சே.”

“ஓரத்துல விழுந்ததைக் கழிச்சீங்க. நடுவுல அதைவிடக் கூடுதல் விழும். பூட்டு உங்களுக்கு மட்டும் திறந்து கெடந்த ஒரு வருஷத்துல ஒரு தடவை பாத்திருக்கலாம்.”

அவன் நல்ல ஆய்வாளன். அதை நான் மறுக்க மாட்டேன். விளங்குவதற்கு அவனுக்கு அரை நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. விளங்கியது முகத்தில் மேலிருந்து கீழே இறங்குவதைப் பார்த்தேன். முதலில் நெற்றி, பிறகு கண், பிறகு வாய். என் வாழ்க்கையில் நான் இவ்வளவு கவனமாகப் பார்த்த தரவு வேறு இல்லை.

இரண்டு தட்டையும் மதில்மேல் வைத்தான். “அந்த வரம்பு உனக்க ஸ்கிரிப்டுல உள்ளதாக்கும். நீ எழுதினது.”

“ஆமா. நான் எழுதினது. பக்கத்துல ஒரு குறிப்பு உண்டே, வாசிச்சீங்களா?”

மதில்மேல் வைத்த தட்டுகளைச் சற்று உள்ளே தள்ளி வைத்தான்.

“வாசிச்சீங்களா?”

“வாசிச்சேன்.” குரல் இறங்கியிருந்தது. “பெறவு மாத்தலாம்னு விட்டேன். படம் வந்ததும்… படம் அவ்வளவு கொள்ளாமா இருந்துது. மறந்தே போச்சு.”

“வேற ஒரு கண்ணு வேணும்னு சொன்னீங்க. இருந்த ரெண்டு கண்ணால வாசிச்சதையே நீங்க செய்யல்ல.”

அவன் சுற்றிலும் பார்த்தான். வாலிபர் சங்கத்துப் பையன்கள் அவனோடு செல்ஃபி எடுக்கக் காத்திருந்தார்கள்.

“நான் வெளிய சொன்னா உனக்க தப்பும் வெளிய வரும் பிள்ளே.”

ஃபோனை எடுத்து, நான் எழுதி வைத்திருந்த இரண்டு பக்கக் குறிப்பின் முதல் பக்கத்தைக் காட்டினேன். முதல் வரியை வாசித்தான். மறுபடியும் வாசித்தான். அவனுக்குச் சொல்ல மிச்சம் இருந்த ஒரே விஷயமும் அங்கே என் பெயரோடு இருந்தது.

“செரி, நாம ரெண்டு பேரும் சேந்து ஒரு திருத்தம் எழுதலாம். உனக்க பேரையும் போடுதேன். முதல்ல போடுதேன்.”

ஓராண்டுக்கு முன்னால் இதைச் சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பேன். “வேண்டாம்,” என்றேன். “அந்தப் பேப்பர்ல எனக்க பேர் இல்லை. அதை அனுப்பும்போதே நீங்க பாத்துக்கொண்டீங்க. திருத்தத்துலயும் வேண்டாம். நீங்க எழுதுங்க. வெடிப்பு இல்லைன்னு எழுதணும். குறிப்பை வாசிச்சீங்க, மாத்தல்லன்னும் எழுதணும். ஒரு மாசம் தாரேன். எழுதினா நான் இதை அனுப்ப மாட்டேன்.”

“எனக்க வேலை போவும்.”

“தானா திருத்தினவனுக்கு வேலை போவாது. அடுத்தவ எழுதி மாட்டினவனுக்குப் போவும். எது வேணும்னு நீங்க பாத்துக்கொள்ளுங்க.”

“நீ இப்பிடி இல்லியே,” என்றான்.

“லிஸ்ட் போடுகவ எப்பவும் இப்பிடித்தான்,” என்றேன். “நீங்க கடைசி வரி வரைக்கும் வாசிக்கல்ல.”

காப்பியைக் குடித்து முடித்துவிட்டு அம்மாவோடு பஸ் ஏறினேன். கேக்கைத் தொடவில்லை.

அவன் இருபத்தாறாம் நாள் எழுதினான். இதழின் தளத்தில் அவன் பேப்பரின் மேல் சிவப்பு எழுத்தில் ஒரு பட்டை, கீழே நான்கு வரி. இந்தப் பேப்பரில் சொல்லப்பட்ட எக்ஸ்-கதிர் ஃபிளேர் உண்மையானதல்ல. அது புரோட்டான் பின்னணியின் மிச்சம். பின்னணி வரம்பு பொருத்தமற்றது என்று ஸ்கிரிப்டின் ஆசிரியர் எழுதிவைத்த எச்சரிக்கையை முதல் ஆசிரியர் வாசித்திருந்தும் மாற்றவில்லை. பேப்பர் திரும்பப் பெறப்படுகிறது. ஸ்கிரிப்டின் ஆசிரியர் யார் என்று அவன் எழுதவில்லை. கருணையாலா, மறுபடியும் ஒரு முறை என் பெயரை விட்டுவிடும் பழக்கத்தாலா, தெரியாது. நான் கேட்கவில்லை.

அந்த நான்கு வரியை ரயிலில் போகும்போதும் வரும்போதும் வாசித்தேன். ஒரு வாரம் வாசித்தேன். பழிவாங்கினால் வெறுமைதான் மிஞ்சும் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படி எதுவும் மிஞ்சவில்லை. நன்றாகத் தூங்கினேன். என் குறிப்பை அனுப்பாமல் வைத்திருக்கிறேன், சொன்ன சொல்லுக்காக. அழிக்கவும் இல்லை.

பிப்ரவரியில் அவன் அம்மா சர்க்கரை பார்க்க அம்மாவின் லேபுக்கு வந்திருக்கிறார். சாயங்காலம் அம்மா வந்து, செருப்பைக் கழற்றாமலே அதைச் சொன்னாள்.

“கையை நீட்டிக்கொண்டே கேக்குதாவ, ‘சேச்சி, உங்க மகளுக்கு இப்பம் திருப்தி ஆச்சா?’ன்னு.”

“ஆச்சுன்னு சொல்ல வேண்டியதுதானே.”

“ஊசியைக் குத்துகதுக்கு முன்னாலயே சொல்லிட்டேன்,” என்றாள் அம்மா.